29 வாரத்தில் பிறந்த மகளுக்கு என் பால் போதவில்லை: தானப் பாலா, பவுடர் பாலா? குடல் பாக்டீரியா பற்றி விளக்குங்கள்

கேட்டவர்: மல்லிகைச்செடி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிறந்து இன்றோடு 11 நாள் ஆகிறது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறிக் கண் மங்கத் தொடங்கியதால் 29 வாரம் 2 நாளில் அறுவை செய்து எடுத்தார்கள். பிறந்தபோது 1,140 கிராம். அதன்பின் இறங்கி, மெல்ல ஏறி, இன்று காலை 1,105. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டருக்குள் இருக்கிறாள். வாய் வழியாக வயிற்றுக்குள் போகும் மெல்லிய டியூப் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மில்லி பால். செவிலியர் சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு வெறும் குழலை டியூபில் பொருத்தி உயர்த்திப் பிடிக்கிறார். பால் தானாகவே இறங்குகிறது. முழுவதும் இறங்கும்வரை நான் அந்தக் குழலைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஒரு நாளைக்கு அவளுக்கு 72 மில்லி தேவை. நான் எட்டு முறை பீய்ச்சினாலும் 45 மில்லியைத் தாண்டவில்லை. மீதிக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து தானப் பால் கொடுக்கலாம், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். ரவுண்ட்ஸ் போகும் அவசரத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மனத்தில் தைத்துவிட்டது: "எந்தப் பால் கொடுக்கிறோமோ அதற்கேற்ற பாக்டீரியாதான் இவள் குடலில் குடியேறும்." அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. யாரென்றே தெரியாத பெண்ணின் பால் எதற்கு என்கிறார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். தன் மகன் பவுடர் பாலில்தான் கொழுகொழுவென்று வளர்ந்தான் என்கிறார் நாத்தனார். ஊரிலிருந்து வந்த பெரியம்மா, கழுதைப் பால் இரண்டு சொட்டு நாக்கில் வைத்தால் குழந்தை தேறிவிடும் என்று சொல்லிச் சங்கையும் பையில் கொண்டுவந்திருக்கிறார். படிவம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

பால் மாறினால் பாக்டீரியா மாறுவது எப்படி? அது இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஏன் முக்கியம்? என் 45 மில்லியால் பயன் உண்டா, அல்லது பாதிக்குமேல் வேறு பால் கலந்தால் எல்லாம் வீண்தானா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: வைகைக்கரைச் செவிலி

தங்கைக்கு வணக்கம். நான் 16 ஆண்டுகளாகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உன் டாக்டர் சொல்வதே உனக்கு இறுதி. அவர் விட்டுச்சென்ற அந்த வாக்கியத்தை மட்டும் நான் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் உன் கடைசிக் கேள்வி. 45 மில்லி வீண் இல்லை. எங்கள் பிரிவில் முதல் இரண்டு நாளில் 0.2 மில்லி சீம்பால் கொண்டுவரும் தாய்மார்கள் உண்டு. சிரிஞ்சின் முனையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதையும் நாங்கள் விடுவதில்லை. குழந்தையின் இரு கன்னங்களின் உட்புறத்திலும் சொட்டுச் சொட்டாகத் தடவுகிறோம். நீ 45 மில்லி கொண்டுவருகிறாய்.

இப்போது பாக்டீரியா. தாய்ப்பாலில் லாக்டோஸ் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்னும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். அவற்றில் 200க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. அதற்குரிய நொதி குழந்தையிடம் இல்லை. அப்படியே பெருங்குடல்வரை போய்ச் சேர்கின்றன. அங்கே பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல வகை காத்திருந்தால் அவற்றைத் தின்று வளரும். வளரும்போது அமிலத்தை வெளிவிடும். குடலுக்குள் லேசான புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பில் கெட்ட வகைகள் பல தழைப்பதில்லை. ஆக உன் மார்பில் சுரப்பது குழந்தைக்கான உணவு மட்டுமல்ல, அவள் வயிற்றுக்குள் குடிவரப்போகிறவர்களுக்கான சோறும்தான். பசும்பாலில் இந்தச் சர்க்கரைகள் மிகமிகக் குறைவு. பவுடர் பால் பெரும்பாலும் பசும்பாலிலிருந்து செய்வது.

நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகும் குழந்தைக்குத் தாயின் பிறப்புவழியிலிருந்தும் குடலிலிருந்தும் தோலிலிருந்தும் முதல் பாக்டீரியாக்கள் கிடைத்துவிடுகின்றன. உன் மகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அறுவைசிகிச்சை, ஆன்டிபயாடிக், இன்குபேட்டர், டியூப். அவளை முதலில் தொட்டவை எங்கள் வார்டில் உள்ளவை. இப்படிப்பட்ட குழந்தைகளின் குடலில் முதலில் ஸ்டாஃபிலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் போன்றவை வரும். பிறகு க்ளெப்சியெல்லா, ஈ கோலை வகையறாக்கள் பெருகும். எங்கள் கைகள், குழாயடித் தொட்டி, டியூபின் உட்சுவர் என எங்கிருந்தும் அவை வரலாம். நீ உள்ளே வரும்போதெல்லாம் வளையலைக் கழற்று, முழங்கைவரை கழுவு என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான். எங்கள்மேல் கோபப்படாதே.

குறைமாதக் குடலின் சுவர் இன்னும் பக்குவப்படாதது. க்ளெப்சியெல்லா போன்றவை அதில் அளவுமீறிப் பெருகும்போது குடல் வீங்கி, சுவரின் திசு இறந்துபோகும் நோய் வரக்கூடும். டாக்டர்கள் என்.இ.சி. என்பார்கள். எங்கள் பிரிவில் அந்த மூன்று எழுத்தைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். 1990இல் பிரிட்டனில் லூக்காஸ், கோல் என்ற இருவர் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டுமே குடித்தவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். உனக்கு முக்கியமானது அடுத்து வருகிறது: இரண்டும் கலந்து குடித்தவர்களோடு ஒப்பிட்டாலும், பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு 3 மடங்கு. கலந்து கொடுத்த தாய்ப்பாலும் காப்பாற்றுகிறது.

தானப் பாலுக்கு வருகிறேன். யாரென்றே தெரியாத பெண் என்று மாமியார் அஞ்சுவது நியாயம்தான். அவரிடம் இப்படிச் சொல். பால் கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனைகள் செய்த பிறகே பாலை வாங்குகிறார்கள். அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, குளிரவைத்து, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே உறையவைக்கிறார்கள். இந்தியாவின் முதல் பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. அதற்கும் முன்னே போனால், நம் அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இன்று வேலைப் பெயராகச் சுமக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்கள் இல்லாத தெரு நம் ஊர்களில் இருந்ததா என்று மாமியாரையே கேட்டுப் பார்.

அந்தச் சூட்டில் இழப்பும் உண்டு, மறைக்கமாட்டேன். உயிருள்ள பாக்டீரியாக்கள் அழியும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் அழியும். எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கு குறையும். ஆனால் நான் சொன்ன அந்தச் சர்க்கரைத் தொடர்கள் அப்படியே தங்கிவிடும். அதனால் வரிசை இதுதான்: உன் பால், அது போதாதபோது தானப் பால், அதுவும் இல்லாதபோது குறைமாதக் குழந்தைகளுக்கென்றே செய்த பவுடர் பால்.

நாத்தனார் சொல்வதில் பொய் இல்லை. பவுடர் பாலில் எடை வேகமாக ஏறும். தானப் பாலையும் பவுடர் பாலையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்: பவுடர் பாலில் வளர்ச்சி கூடுதல், குடல் நோயும் ஏறத்தாழ இருமடங்கு. எடைக்கு வேறு வழி இருக்கிறது. பால் அளவு கூடியதும் புரதமும் கால்சியமும் சேர்ந்த செறிவூட்டும் பொடியை உன் பாலிலேயே கலப்பார்கள். அப்போது திகைக்காதே, பால் மோசம் என்று பொருள் இல்லை. 1,100 கிராம் குழந்தை வளரும் வேகத்துக்கு யாருடைய பாலிலும் புரதம் போதாது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் மற்றத் தாய்மார்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அப்படியும் போதாது.

பெரியம்மாவிடம் கொஞ்சம் உறுதியாக நில். கழுதைப் பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதுவும் அவள் வாய்க்குப் போகக் கூடாது. காய்ச்சாத பாலில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தேனில் பச்சிளங்குழந்தையை முடக்கிப்போடும் கிருமியின் வித்து இருக்கக்கூடும். சங்கை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல். 34 வாரம் நெருங்கும்போதுதான் உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் குழந்தையால் ஒன்றாகச் செய்ய முடியும். அப்போது பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில் புகட்ட நாங்களே கற்றுத்தருவோம். வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளிலும் அதைப் பாலாடை என்றே எழுதுகிறார்கள் என்று சொல்லிப் பார், பெரியம்மா மகிழ்ந்துபோவார்.

பால் பெருக ஒரு வழி. இரவில் ஒரு முறையேனும் பீய்ச்சு. பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில்தான் உயர்ந்திருக்கும். போன ஆண்டு ஒரு தாய், முத்துமுத்தாக வியர்க்க ஓய்வறையில் உட்கார்ந்து பீய்ச்சுவார், 14 மில்லியைத் தாண்டாது. ஒருநாள் குழந்தையின் கம்பளித் தொப்பியைத் துவைக்கக் கொடுத்தோம். அவர் துவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நடுநடுவே முகர்ந்துகொண்டே பீய்ச்சினார். 22 மில்லி வந்தது. அன்றுமுதல் இன்குபேட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். கங்காரு முறையில் குழந்தையை மார்போடு அணைக்க எப்போது முடியும் என்று டாக்டரிடம் கேள். அணைத்த பிறகு பீய்ச்சினால் வித்தியாசம் உனக்கே தெரியும். உன் தோலில் உள்ள பாக்டீரியாவும் அவளிடம் போய்ச் சேரும், வார்டில் உள்ளதற்குப் பதிலாக.

படிவத்தைக் கைப்பையிலிருந்து எடு, தங்கையே.

பதில் 2: தென்காசி அப்பா

செவிலியர் அக்கா எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நடந்தது.

எங்கள் மகன் 27 வாரத்தில் பிறந்தான், 940 கிராம். என் மனைவிக்குப் பால் நன்றாகச் சுரந்தது. ஒரு சொட்டு பவுடர் பால்கூட அவன் குடிக்கவில்லை. 23ஆம் நாள் மாலை வயிறு உப்பியது. தோல் இழுபட்டுப் பளபளத்தது, மேலே நீல நரம்புகள் தெரிந்தன. டியூபில் சிரிஞ்சை வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது பச்சையாக வந்தது. இரவு மலத்தில் இரத்தம். அதே என்.இ.சி. பாலை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் அறுவைசிகிச்சை செய்து குடலில் ஒரு சிறு பகுதியை அகற்றினார்கள். இரண்டு மாதம் வயிற்றில் மலம் சேரும் பை கட்டியிருந்தது. இப்போது அவனுக்கு ஐந்து வயது. காலையில் இட்லிக்குச் சர்க்கரை கேட்டு அடம்பிடித்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறான்.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. தாய்ப்பால் இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது, இல்லாமல் செய்துவிடுவதில்லை. இது எங்களுக்குத் தெரியாமல் போனதால் என் மனைவி ஒன்றரை ஆண்டு தன் பாலைச் சந்தேகித்தார். அன்று மீன் சாப்பிட்டேனே, அதனாலா? கை சரியாகக் கழுவவில்லையா? உறவினர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே, "உன் பாலில்தான் ஏதோ கோளாறு" என்றார். அந்த வார்த்தையை நான் இன்றும் மன்னிக்கவில்லை. பின்னாளில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசினார்: வாரம் குறையக் குறைய ஆபத்துக் கூடும், முதல் நாட்களில் ஆன்டிபயாடிக் நீண்டாலும் கூடும், எல்லாக் காரணமும் தாயின் கையில் இல்லை என்றார். என் மனைவி அன்று இரவு முழுத் தூக்கம் தூங்கினார்.

ஆகவே பால் எதுவானாலும் வயிற்றைப் பாருங்கள். உப்பல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், குழந்தை திடீரெனத் துவண்டுபோவது, மூச்சு நின்று நின்று வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். வீண்தொல்லை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் கூப்பிடுங்கள்.

பதில் 3: மாதிரிக்குப்பி

நான் நுண்ணுயிரியல் படித்தவன். குறைமாதக் குழந்தைகளின் மல மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பது ஆறு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. பட்டாணி அளவு மாதிரி, ஒரு சிறு குப்பி, மேலே குழந்தையின் எண்ணும் நாளும். பெயர் இருக்காது. 3ஆம் நாள் கறுப்புத் தார்போல இருப்பது 30ஆம் நாள் கடுகு மிதக்கும் மஞ்சளாக மாறியிருக்கும். சில எண்கள் 18ஆம் நாளோடு நின்றுவிடும். அடுத்த குப்பி வராது. அந்த வேலையில் இருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

உங்கள் டாக்டர் சொன்னதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று ஸ்பெயினின் வாலென்சியாவிலிருந்து 2018இல் வெளியானது. தன் தாயின் பால், தானப் பால், பவுடர் பால் என மூன்று வகையில் உணவு பெற்ற குறைமாதக் குழந்தைகளின் குடல் பாக்டீரியாவை ஒப்பிட்டார்கள். தாயின் பால் குடித்தவர்களிடம் பிஃபிடோ வகை அதிகம், ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை குறைவு. தானப் பால் குடித்தவர்களின் குடல் தாய்ப்பால்காரர்களுடையதைப் போல முழுமையாக இல்லை, ஆனால் பவுடர் பாலைவிட அதற்கு நெருக்கமாக இருந்தது. செவிலியர் சொன்ன வரிசைக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை.

ஆனால் கதை அவ்வளவு நேர்கோட்டில் போவதில்லை. 2023இல் பிரிட்டனில் நான்கு மருத்துவமனைகளில் 30 வாரத்துக்கு முன் பிறந்த 126 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லோருக்கும் தாயின் பால்தான் அடிப்படை. போதாததை ஒரு குழுவுக்குப் பசும்பாலில் செய்த பவுடர் பாலும் செறிவூட்டியும் கொண்டு ஈடுகட்டினார்கள். மற்றக் குழுவுக்கு மனிதப் பாலிலிருந்தே செய்த பொருள்களைக் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாவின் அமைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அதை வேறுவிதமாகப் படிக்கிறேன்: அடித்தளமாகத் தாயின் சொந்தப் பால் இருந்தால், மேலே சேர்ப்பது பாக்டீரியாவைப் பெரிதாகப் புரட்டிவிடுவதில்லை. உங்கள் 45 மில்லிக்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டாம். தானப் பால் குடல் நோயைக் குறைப்பதற்கோ தனிச் சான்றுகள் இருக்கின்றன, ஆகவே படிவத்தைப் பற்றிய அறிவுரை மாறவில்லை.

இன்னொன்று, பாலைவிடக் காலம் பெரிய கை. குறைமாதக் குழந்தைகளின் குடலில் எந்த வகை எப்போது மேலோங்கும் என்பதைப் பெரும்பாலும் கருவறை வாரமும் பிறந்த பின் கடந்த வாரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று 2014இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பால், ஆன்டிபயாடிக், பிரசவ முறை எல்லாம் அந்த ஓட்டத்தை விரைவுபடுத்தவோ தாமதப்படுத்தவோ செய்கின்றன. அதனால் 12ஆம் நாளில் நல்ல பாக்டீரியா வந்ததா என்று கவலைப்பட வேண்டாம். 29 வாரக் குழந்தைகள் பலரிடம் நான் பிஃபிடோவைப் பார்த்ததே பல வாரம் கழித்துத்தான்.

எதிர்ப்புப் புரதத்தைச் செவிலியர் ஒரு வரியில் கடந்துவிட்டார். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். தாயின் பாலில் உள்ள ஐ.ஜி.ஏ. என்னும் புரதம் குடலில் உள்ள பாக்டீரியாவின் மேல் உறைபோல ஒட்டிக்கொள்ளும். 2019இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் கண்டது இது: என்.இ.சி. வந்த குழந்தைகளிடம் நோய்க்கு முன்பே, இந்த உறை ஒட்டாத க்ளெப்சியெல்லா குடும்பப் பாக்டீரியா பெருகியிருந்தது. ஒரே பாக்டீரியா உறையோடு ஒருவிதம், உறையில்லாமல் வேறுவிதம். பிரிட்டனின் நியூகாசில் குழுவினர் இன்னொரு திசையில் போனார்கள். டி.எஸ்.எல்.என்.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒரேயொரு பால் சர்க்கரை தாயின் பாலில் குறைவாக இருந்த குழந்தைகளுக்கு நோய் அதிகம் வந்ததைக் கண்டார்கள். தென்காசி அப்பாவின் துணைவியார் இதைப் படித்துத் தன்னை நொந்துகொள்ளக் கூடாது. அந்தச் சர்க்கரை எவ்வளவு சுரக்கிறது என்பது மீன் சாப்பிட்டதால் மாறுவதில்லை. தாய்க்குத் தாய் பால் சர்க்கரைகளின் கலவை மாறுவதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கடைசியாக, யாரோ உங்களிடம் புரோபயாட்டிக் என்னும் உயிருள்ள நல்ல பாக்டீரியாப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 குழந்தைகளிடம் செய்த சோதனையில் மூன்று பாக்டீரியாக்களின் கலவை குடல் நோயை 4.4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைத்தது. இங்கிலாந்தில் 1,315 குழந்தைகளுக்கு வேறொரு வகையைக் கொடுத்தபோது எந்தப் பயனும் தெரியவில்லை. ஒடிசாக் கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் பெரும் பயன் தெரிந்தது. ஆனால் அவர்கள் 35 வாரமும் 2,000 கிராமும் தாண்டியவர்கள், உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியா இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரிக்கை விடுத்தது. மருந்துக்கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் பிரிவின் டாக்டர்கள் முடிவு செய்யட்டும்.

கேட்டவர்: மல்லிகைச்செடி (மூன்று நாள் கழித்து)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செவிலியர் அக்கா, நீங்கள் சொன்னபடியே மாமியாரிடம் கேட்டேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, என் கணவர் பிறந்தபோது தனக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் பால் இல்லை என்றும், எதிர்வீட்டுப் பெண்தான் தன் மகளுக்குக் கொடுத்துக்கொண்டே இவருக்கும் கொடுத்தார் என்றும் சொன்னார். 34 ஆண்டு யாருக்கும் சொல்லாத செய்தி. என் கணவருக்கே இப்போதுதான் தெரியும். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது அவர்தான் பேனாவைக் கொடுத்தார்.

பெரியம்மா சங்கோடு ஊருக்குப் போய்விட்டார், சற்று வருத்தத்தோடுதான். பாலாடைக் காலம் வரும்போது முதல் பாலாடை அவர் கையால்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது வேளைக்கு 9 மில்லி. எடை 1,150, பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். நேற்று அதிகாலை மூன்று மணிக்குப் பீய்ச்சினேன், ஒரே தடவையில் 11 மில்லி. வயிற்றை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன் அண்ணா, மெத்தென்றுதான் இருக்கிறது. இன்று காலை டயப்பரில் முதன்முறையாக மஞ்சள். மாதிரிக்குப்பி ஐயா எழுதிய அந்தக் கடுகைத் தேடிப் பார்த்தேன், இரண்டு மூன்று இருந்தது.

ஒரு சந்தேகம். நாளைமுதல் என்னை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். மருத்துவமனைக்கு எதிரே லாட்ஜில் தங்கப்போகிறேன். இரவில் அங்கே பீய்ச்சும் பாலை எப்படிக் கொண்டுவருவது?

பதில் 4: வைகைக்கரைச் செவிலி

மஞ்சள் என்று படித்ததும் எங்கள் ஓய்வறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

உன் பிரிவிலேயே மூடியுள்ள குப்பிகள் கேட்டு வாங்கிக்கொள். கையை நகக்கண்வரை சோப்பால் கழுவிவிட்டுப் பீய்ச்சு. ஒவ்வொரு வேளைக்கும் தனிக் குப்பி, முந்தைய பாலோடு சேர்க்காதே. குப்பியின் மேல் உன் பெயர், தேதி, பீய்ச்சிய மணி மூன்றையும் எழுதி ஒட்டு. லாட்ஜில் ஃபிரிட்ஜ் இருந்தால் உள்ளே பின்பக்கம் வை, கதவில் வைக்காதே. 24 மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் பொதி போட்ட சின்னப் பெட்டியில் வைத்து, பீய்ச்சியவுடன் கொடுத்தனுப்பு. நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே வேண்டாம். அடுப்பில் சூடாக்காதே, வெதுவெதுப்பாக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்று மணிப் பாலை உன் கணவரிடம் கொடுத்தனுப்பு. இரவுப் பணியில் இருப்பவர் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். நீ படுத்துத் தூங்கு.